காட்சியும் கண்ணோட்டமும்

அறிவின் வாயில்களுள் முதலாவதாக எண்ணப்படுவது காண்டல். சைவசித்தாந்த நூலார் அளவைகளைக் காட்சி, கருதல், உரை எனத் தொகுத்துக் கூறுமிடத்தும் காட்சியே முன்னிற்கின்றது. ஆயின் காண்டல் அறிவுச் செயல் மட்டுந்தானா, அன்றி அஃது ஓர் அறச்செயலுமா? காணப்படும் பொருளுக்குக் காண்பான் எவ்வகையிலேனும் கடமைப்பட்டவனா? இவ்வினாவை நூல்வழி மாத்திரம் ஆராய்வதினும் ஒரு சிறு நிகழ்ச்சியின்வழி ஆராய்வது தெளிவு தரும் என எண்ணுகின்றேன். நிகழ்ச்சி என்னுடையது. அதிற் பெருமைப்படுதற்கு எதுவுமில்லை.

வட இங்கிலாந்திலே, மன்செஸ்ரர், ஷெபீல்ட் என்னும் இரு தொழில் நகரங்களுக்கிடையில் பிளீக்லோ என்ற மேட்டுநிலம் பரந்து கிடக்கின்றது. அதன் உயரம் 633 மீற்றர். சிகரம் இதுவெனச் சுட்டிக் காட்டவும் இயலாதவாறு உச்சி தட்டையாய் விரிந்துள்ளது. மரமில்லை. ஹெதர் என்னும் குறும்புதரும், பழுப்பு நிறப் புல்லும், கரிய முற்றா நிலக்கரிப் படையும், அதனை அறுத்தோடும் ஆழ்ந்த நீர்க்கால்களுமே கண்ணுக்குத் தெரிவன. இறந்த பாசிகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் படிந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் உருவாகியது அம்மண். டிசெம்பர் இறுதியில் அங்கே பகற்பொழுது ஏழரை மணி நேரமே. எமது பொழுதுப் பகுப்பின்படி அது முன்பனிக் காலம். ஆனால் அங்குள்ள பனி புல்நுனியில் நிற்கும் துளியன்று, நிலத்தையே கல்லாக இறுக்கும் உறைபனி. அத்தகைய ஒரு நாளில் வரைபடம், திசையறி கருவி, கமரா ஆகியவற்றுடன் ஸ்னேக் கணவாயிலிருந்து தனியாக நடக்கத் தொடங்கினேன்.

துணையின்றி நடப்போனுக்குப் புலன்கள் கூர்மையடையும் என்பர். அஃது உண்மையே. எனினும் தனிமை என நாம் பாராட்டுவது பெரும்பாலும் பிறர் தந்த கொடை என்பதை அந்நிலம் அடிக்கடி நினைவூட்டியது. முற்பகுதியிற் கால் புதையாதவாறு பரப்பப்பட்டிருந்தவை, மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரைக் கற்கள். அத்தகைய ஆலைகளின் புகையே இம்மேட்டின் ஸ்பக்னம் பாசியை அழித்து மண்ணை வெறுமையாக்கியது என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அயலிலுள்ள கிண்டர் ஸ்கவுற் மேட்டிலே, வேட்டைப் பறவைகளுக்கென அடைத்து வைக்கப்பட்ட நிலத்தில், 1932 ஆம் ஆண்டு ஏப்பிரல் 24 ஆம் திகதி பெனி றொத்மன் என்னும் இளைஞர் தலைமையிற் சில நூறு தொழிலாளர் தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். அதன்பின் 1949 இலும் 2000 இலும் இயற்றப்பட்ட சட்டங்களின் பயனாகவே என்போன்ற அந்நியனும் அங்கு தடையின்றி நடக்க முடிகின்றது. காணும் உரிமைக்குப் பிறர் விலை கொடுத்துள்ளனர்.

மேட்டிலே ஒரு மலைமுயலைக் கண்டேன். பனிக்காலத்தில் வெண்ணிறம் பூணும் இம்முயல், உறைபனி இல்லாத கரிய மண்ணிலே தொலைவிலிருந்தே துலங்கும். கமராவை உயர்த்தி அணுகினேன், ஓடியது. பின்தொடர்ந்தேன், மீண்டும் ஓடியது. உணவு அரிதான காலத்தில் ஒவ்வோர் ஓட்டமும் அதன் உடல்வலுவைச் செலவிடுகின்றது என்பதை நான் அறியாதவனல்லேன். மூன்றாம் முறை நின்றுவிட்டேன். இரக்கத்தாலன்று, ஒளி குன்றியதால் படம் தெளிவாக வராது என்பதனால்.

அங்கிருந்து ஹையர் ஷெல்ஃப் ஸ்ரோன்ஸ் என்னும் பாறைக்கூட்டத்தை அடைந்தேன். அதன் அருகே ஒரு விமானத்தின் சிதைவுகள் கிடக்கின்றன. 1948 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்க வான்படையின் பி-29 வகை விமானம் ஒன்று ஸ்கம்ப்ரன் தளத்திலிருந்து பேர்ட்டன்வூட் தளத்துக்குச் செல்லும் வழியில், மேகத்தினூடே தாழ்ந்து வந்து மேட்டில் மோதியது. அதிலிருந்த 13 பேரும் இறந்தனர். அது குண்டு வீசும் பணிக்கன்றிப் படம்பிடிக்கும் பணிக்கென அமைக்கப்பட்ட விமானம். அதற்கு இடப்பட்டிருந்த பெயர் ‘ஓவர் எக்ஸ்போஸ்ட்’; அளவுக்கு மிஞ்சி ஒளிபட்ட படச்சுருளைக் குறிக்கும் தொழிற்சொல்லை வைத்து விளையாட்டாக இட்ட பெயர். 1946 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிக்கினி பவளத்தீவில் நடைபெற்ற அணுகுண்டுச் சோதனைகளைப் படம்பிடித்த விமானங்களுள் இதுவும் ஒன்று. அச்சோதனைகளின் பொருட்டு அத்தீவின் மக்கள் 167 பேர் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வேறிடம் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் 1970களில் மீண்டு குடியேறியோரும் கதிர்வீச்சின் காரணமாக 1978 இல் மறுபடி அகற்றப்பட்டனர். கடலினின்று எழும் அப்பெருமேகத்தின் படங்களை உலகம் அறியும். அவற்றில் அம்மக்கள் இல்லை. அவர்கள் சட்டகத்துக்கு வெளியே இருந்தனர்.

இச்செய்திகளையெல்லாம் நான் முன்னரே படித்திருந்தேன். படித்திருந்தும் செய்தது இது. சிதைந்த இயந்திரமொன்றின்மேல் மாலை வெயில் விழுந்து உலோகம் மின்னியது. அதன்மேல் யாரோ ஒருவர் கடதாசிப் பொப்பிப் பூவுடன் கூடிய சிறு மரச்சிலுவையொன்றைச் சாய்த்து வைத்திருந்தார். அச்சிவப்பு நிறம் படத்தின் அமைதியைக் குலைப்பதாக எனக்குப் பட்டது. சுற்றிலும் எவருமில்லை. சிலுவையை எடுத்து அப்பால் வைத்தேன், படம் எடுத்தேன், நடந்தேன். ஏறத்தாழ ஒரு மைல் இறங்கிய பின்னரே அதனைத் திருப்பி வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மணி மூன்றரை. இருள முன்னர் வீதியை அடைதல் வேண்டும். திரும்பிச் செல்வது ஆபத்து. சென்றிலேன். அம்முடிவு அறிவுக்கு ஒத்ததே. ஆயினும் ஆபத்து என்னும் காரணம் எனக்கு அப்போது வாய்ப்பாகவும் இருந்தது.

இனி வினாவுக்கு வருவோம். நான் யாருக்குத் தீங்கிழைத்தேன்? இறந்தோர் அறியார். சிலுவையை வைத்தவர் அறியார். காற்று வீழ்த்தியது என்றே எண்ணுவர். விளைவை மட்டும் கொண்டு அறத்தை அளப்போர் இங்கு தவறேதும் இல்லை என்றே தீர்ப்புக் கூறுவர். பிளேற்றோ தமது ‘குடியரசு’ நூலில், அணிந்தவனை மறைத்துவிடும் கைஜிஸின் மோதிரத்தைப் பற்றிக் கூறுகின்றார். எவரும் காணாதபோதும் ஒருவன் நீதியாக நடப்பானா என்பதே அங்கு எழுப்பப்படும் வினா. ஆளற்ற மேட்டுநிலம் நடப்போன் ஒவ்வொருவனுக்கும் அம்மோதிரத்தை அணிவிக்கின்றது. கமராவோ வேறொரு வசதியையும் தருகின்றது: தான் காணப்படாது பிறவற்றைக் காணும் வசதி. மனிதனை ஒருபோதும் வெறுங்கருவியாகக் கொள்ளற்க என்பது கான்ற் வகுத்த அறநெறியின் சாரம். அன்று நான் 13 பேரின் சாவை எனது படத்தின் பின்னணியாக்கினேன். ஒருவரின் துயரத்தைத் தடையெனக் கருதி அகற்றினேன். பிக்கினியில் நிகழ்ந்ததும் இதுவும் அளவில் மலையும் மடுவும் போல்வன. இரண்டையும் சமன் செய்தல் தகாது. ஆயினும் காட்சிக்கு இடையூறானதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளும் மனப்பாங்கு இரண்டிலும் ஒன்றே.

அவ்வாறாயின் குற்றம் கருவியினதா? ‘படம் பிடித்தல்’, ‘படம் எடுத்தல்’ என்னும் எமது வழக்குகள் இரண்டுமே கவர்தலைக் குறிப்பன என்பது கருதத்தக்கது. எனினும் கருவியைப் பழித்தல் எளிய விடையாகும். ஃபே கொட்வின் என்னும் பிரித்தானியப் புகைப்படக் கலைஞர், வேலியிட்டு அடைக்கப்பட்ட நிலங்களைப் படமாக்கி 1990 இல் ஒரு நூலாக வெளியிட்டு, நடப்போரின் உரிமைக்காக வாதாடினார். பிளீக்லோ முதலிய மேடுகளிலே 2003 முதல் பாசியை மீள வளர்க்கும் பணி நடைபெறுகின்றது; ஒரே இடத்திலிருந்து காலந்தோறும் எடுக்கப்படும் படங்களே வெறுமண் பசுமையாவதற்குச் சான்று தருகின்றன. ஆகவே கவர்தற்குப் பயன்படும் கருவியே சான்று பகர்தற்கும் பயன்படுகின்றது. சான்று பகர்பவன் தான் கண்டதற்குக் கட்டுப்பட்டவன். தனக்கு ஒவ்வாததை அகற்றும் உரிமை அவனுக்கில்லை. கவர்பவனுக்கோ அத்தகைய கட்டு எதுவுமில்லை.

இவ்வேறுபாட்டைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் நெடுங்காலமாக உண்டு. இன்று ‘கண்ணோட்டம்’ என்றால் ஒரு பொருளைப் பார்க்கும் கோணம் என்றே கொள்கின்றோம். திருக்குறளின் 58 ஆம் அதிகாரத்தில் அச்சொல் இரக்கத்தைக் குறிக்கின்றது. அவ்வதிகாரம் இல்லறவியலிலன்றி அரசியலில் வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. ஆற்றல் உடையவன் பார்க்கும்போதே அப்பார்வையில் இரக்கம் இருத்தல் வேண்டும் என்பது அவ்வைப்புமுறையினின்று நாம் பெறத்தக்க கருத்தாகும். பரிமேலழகர் இதனைப் பழகியோரைக் கண்டவிடத்து மறுக்கமாட்டாமையாகக் கொள்வர். அப்படியாயின் அயல்நாட்டவரான, என்றோ இறந்துபோன, முன்பின் அறியாத 13 பேர்பாற் கண்ணோட்டம் எங்ஙனம் பொருந்தும் எனக் கேட்கலாம். காண்டலே பழக்கத்தின் தொடக்கம் என்பது என் விடை. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பர் சித்தாந்திகள். கண்ட பொருளால் காண்பான் சிறிதும் மாறாதிருப்பின், அங்கே பதிவு நிகழ்ந்தது, காட்சி நிகழவில்லை. கண்ணாடி வில்லைக்கு அது போதும், மனிதனுக்குப் போதாது.

அப்படம் இன்றும் என்னிடம் உண்டு. ஒளியமைப்பு நன்று எனப் பார்த்தோர் பலர் கூறியுள்ளனர். அவர்கள் காண்பது உலோகத்தையும் வெயிலையும். நான் அதனை எடுக்கும்போதெல்லாம், இயந்திரத்தின் இடப்புறத்தே வெறுமையாய்க் கிடக்கும் அச்சிறு இடத்தையே முதலிற் பார்க்கின்றேன்.