சாய்ந்த சுவர்

எங்கேனும் பூகம்பம் என்றதும், "அவ்வூரார் செய்த பாவம்" என்று நம்மில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இடிபாட்டில் சிக்கி மரிக்கும் முஃமினை ஷஹீதுகளின் வரிசையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்திருக்க, தீர்ப்புக் கூற நாம் யார்?

மராட்டிய மாநிலம் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியை எண்ணிப் பாருங்கள். கடலுக்கு வெகுதூரத்தில், தக்காணப் பாறைமீது அமைந்த ஊர். அன்றைய நிலநடுக்க வரைபடம் அப்பகுதியை அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று, நான்கு மணி ஆகுமுன், பூமிக்கடியில் மறைந்து கிடந்த பிளவொன்று அசைந்தது. அளவு 6.2. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றவை அவர்கள் வீட்டுச் சுவர்களே. கற்களைச் சேற்று மண்ணில் அடுக்கிய தடித்த சுவர்கள், மேலே கனத்த மண் கூரை.

காஞ்சிபுரத்தில் உள்ள நமக்கு இதில் என்ன? கோயம்புத்தூர்ப் பகுதியில் 1900 பிப்ரவரி 8-ல் சுமார் 6 அளவில் பூமி அதிர்ந்ததுண்டு. 2002-ல் திருத்தப்பட்ட வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு உயர்த்தியது. காஞ்சிபுரமும் அதே மூன்றில்தான் இருந்தது. நாளும் நேரமும் அல்லாஹ் ஒருவனே அறிவான். ஆனால் சுவரின் நிலை நம் கண்முன் இருக்கிறதே! பழைய செங்கல் சுவர்மேல் தூணின்றி மாடி எழுப்புகிறோம். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்பவர் சட்டென்று எழுந்து ஓட முடியுமா?

"எல்லாம் கத்ர்" என்பார்கள். உண்மைதான். ஆயினும் கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்கள் கத்ரை மறுத்தவர்களா?

ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் சாய்ந்த சுவருக்கென்றே சட்டம் உண்டு. தெருப்பக்கம் சாய்ந்துவிட்ட சுவரை இடிக்கும்படி எச்சரித்தும், அவகாசமிருந்தும் உரிமையாளர் வாளாவிருந்து, அது விழுந்து ஒருவர் இறந்தால் ஈட்டுத்தொகை கடமையாகிறது. தொடக்கத்திலேயே கோணலாகக் கட்டியிருந்தால் எச்சரிக்கைகூடத் தேவையில்லை. (சிமெண்ட்டைக் குறைத்துக் கட்டும் மேஸ்திரிமார்கள் இதைச் சற்றுச் சிந்திக்கட்டும்.)

மினாராவுக்கு வண்ணம் பூச வசூல் செய்யுமுன், மதரஸாவின் கூரையையும் கைப்பிடிச் சுவரையும் ஒரு பொறியாளரிடம் காட்டுவோம். உயிரைக் காக்கத் தொழுகையை முறித்துக்கொள்ளலாம் என்பதை இமாம்கள் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைக்கட்டும். வாடகைக்குக் குடியிருப்போர் சுவரில் வெடிப்புக் கண்டால் வீட்டுக்காரரிடமே கூற வேண்டும். வக்ஃபுக் கட்டடமானால் முத்தவல்லியிடம். இடிக்கும் அதிகாரம் உடையவரிடம் சொன்னால்தான் ஷரீஅத்தில் அது எச்சரிக்கையாகும்.