சுவரில் ஒரு கோடு

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் யாரும் கணக்குக் கேட்டு வருவதில்லை. ஆகையால் சென்ற மாதம் ஒரு கல்லூரி ஆசிரியர் கையில் தடித்த காகிதக் கட்டோடு என் வீட்டுப் படியேறியபோது, ஏதோ நாவல் எழுதியிருக்கிறார், முன்னுரை கேட்க வருகிறார் என்று நினைத்துச் சற்றுப் பயந்தேன். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் எண்கள். எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் மழை, எந்தத் தெருவில் எத்தனை அடித் தண்ணீர், அது எத்தனை நாள் நின்றது என்று அவருடைய மாணவர்கள் ஆற்றோரப் பேட்டைகளில் வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதி வந்த கணக்கு.

"எண்ணாகச் சொன்னால் ஜனங்கள் காது கொடுப்பதில்லை சார். நீங்கள் இதைக் கதையாக எழுதித் தர வேண்டும். அடுத்த மழைக்கு முன்னால் நாலு பேராவது ஜாக்கிரதையாக இருப்பார்கள்" என்றார்.

நல்ல காரியந்தான். ஆனாலும் "ஆகட்டும்" என்று சொல்ல எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு மனத்துக்குள் ஒரு வழக்கு ஆரம்பமாயிற்று. நடக்காததை நடந்தது போலச் சொல்வது என் தொழில். இருபது வருஷமாகச் செய்து வருகிறேன். வாசகர்களும் தெரிந்தேதான் ஏமாற வருகிறார்கள். அதில் பாதகமில்லை. ஆனால் மழைக் கணக்கு மெய். மெய்யைக் கொண்டுவந்து, பொய் சொல்லிப் பழகிய கையில் கொடுக்கலாமா? உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, கேட்பதும் கேட்காததும் அவரவர் பாடு என்று இருந்துவிடுவதல்லவா நேர்மை?

இந்த வழக்கில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவர் இருக்கிறார்.

2015-ஆம் ஆண்டு நான் சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் குடியிருந்தேன். கீழ் வீட்டில் ஒரு பெரியவர். ஏதோ ஒரு கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனியாக இருந்தார். டிசம்பர் 1-ஆம் தேதி பகல் முழுவதும் மழை. மின்சாரம் போவதற்கு முன்னால் டெலிவிஷனில் ஒரு செய்தி ஓடிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி உபரி நீர் திறக்கப்படுகிறது என்றது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அந்தச் செய்தியில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, பாதியில் நின்ற தொடர்கதை அத்தியாயத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுத உட்கார்ந்தேன். அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

இரவில் அந்தத் திறப்பு 29,000 கன அடியை எட்டியது. விடிவதற்குள் கீழ் வீட்டு ஜன்னல் விளிம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது. எதிர்வீட்டுப் பையன்களும் நானுமாக அவரைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். உயிருக்குச் சேதமில்லை.

தண்ணீர் வடிந்த அன்று அவரோடு கீழே இறங்கினேன். கட்டில், பீரோ, மெத்தை எல்லாம் சேற்றில் கிடந்தன. அவர் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். அவர் மனைவி குடித்தனம் வைத்த நாள் முதல் எழுதி வந்த வரவு செலவு நோட்டுகள்; நாற்பது வருஷத்து நோட்டுகள். மசி கரைந்து, தாளோடு தாள் ஒட்டிக் களியாகிக் கிடந்தன.

"பூ இருபத்தஞ்சு காசு, பெரியவனுக்குச் சிலேட்டு முக்கால் ரூபாய்னு எழுதியிருப்பா. படிச்சா அவ குரல்லேயே கேக்கும்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபமில்லை. "ஆயிரம் கன அடின்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியலை சார். கணக்கு எழுதிப் பிழைச்சவன்தான், ஆனா தெரியலை. நீங்க கதை எழுதறவர். இது உங்க வீட்டுப்படிக்கு வரும், பெட்டியைத் தூக்கிப் பரண்மேலே வைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

எனக்கும் தெரியாது என்பதுதான் உண்மை. அதைப் பதிலாகச் சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியாமலிருந்தது குற்றமில்லை. தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் செலவழிக்காததுதான் குற்றம். அன்று இரவு என் கதாநாயகியின் மனஸ்தாபத்துக்கு ஓர் உவமை தேட நான் அரைமணி நேரம் செலவழித்திருந்தேன்.

பிற்பாடு உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். 29,000 கன அடி என்றால், வினாடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். ஆக, 'ஒன்று' என்று சொல்லி வாயை மூடுவதற்குள் 68 லாரித் தண்ணீர் ஆற்றில் கவிழ்கிறது. 'இரண்டு' என்றால் இன்னொரு 68. விடிய விடிய எண்ணிக்கொண்டே போகலாம். அதே ஒரு நாளில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஒரு கிரவுண்டு மனையில் அது நின்றால் ஒன்பது லாரித் தண்ணீர்.

இது கதையா, கணக்கா? ஓர் எண்ணைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் வெயிலில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற எந்தச் சென்னைவாசியும் இதைக் கேட்டுவிட்டுக் கதவைத் தாழிட்டுத் தூங்கமாட்டார்.

நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். சித்திரை முதல் நாள் கோயில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று வாசிக்கும்போது ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கணக்குப் பலித்ததா என்பது வேறு விஷயம். மரக்கால் என்றால் எவ்வளவு என்று கேட்டவர் அத்தனை பேருக்கும் தெரியும். இன்னொரு பக்கம், சென்னையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நாள் தவறாமல் மழையை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அது சத்தியமான கணக்கு. அதைக் கேட்க எந்த மண்டபத்திலும் கூட்டம் கூடவில்லை. என் தாத்தா மழையை மில்லிமீட்டரில் சொன்னதில்லை. "ஓர் உழவு மழை" என்பார். ஏர் பூட்டலாமா வேண்டாமா என்பது அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடும். அளவும் அதைக்கொண்டு செய்ய வேண்டிய காரியமும் பிரியாமல் இருந்த சொல் அது. நாம் இரண்டையும் பிரித்துவிட்டோம். அளவு ஆபீசுக்குப் போய்விட்டது. காரியம் ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டது.

அப்படிப் பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வங்காள விரிகுடாவின் வடகரை சாட்சி. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை அடித்த புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். புயல் வருவதை அறிந்தவர்கள் இல்லாமலில்லை. தீவுகளில் குடியிருந்த ஏழைகளுக்கு, அவர்கள் எழுந்து ஓடும்படி, அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பங்களாதேஷ் பிறந்த பிறகு, 1972-இல் அங்கே ஒரு தொண்டர் படை ஏற்பாடாயிற்று. காற்றின் வேகத்தை எண்ணாகச் சொல்வதோடு நிற்காமல் ஊருக்குள் கொடி ஏற்றுகிறார்கள். ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகிறார்கள். 1991 புயலில் அப்படியும் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களே அதிகம். வீட்டு ஆண்பிள்ளை வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள் அவர்களில் பலர். இன்று அந்தத் தொண்டர்களில் பாதிப்பேர் பெண்கள். அடுக்களை வாசலுக்கே போய்ச் சொல்கிறார்கள். 2020-இல் ஆம்பன் புயல் வந்தபோது இருபது லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே வெளியேறினார்கள். பங்களாதேஷில் இறந்தவர்கள் சில பத்துப் பேர்தான். எல்லாம் கொடியால் நடந்தது என்று சொன்னால் அது கதாசிரியன் புளுகு. புயலுக்குப் புயல் வேறு, தங்குமிடங்கள் கட்டினார்கள், கரைகளை உயர்த்தினார்கள். ஆனால் எத்தனை நல்ல கட்டடம் கட்டினாலும், நேரத்தில் நடந்து போய்ச் சேராதவனை அது காப்பாற்றாது. நடக்க வைத்தது, புரியும்படி வந்த சொல்.

அப்படியானால் கதை ஜெயித்துவிட்டதா? அங்கேதான் எனக்கு என் கையின் மேலேயே சந்தேகம். கதைக்காரனுக்கு ஒரு சபலம் உண்டு. கேட்கிறவன் கண் விரிவதைப் பார்த்துவிட்டால் 49-ஐ 60 ஆக்கத் தோன்றும். "நல்லதற்குத்தானே" என்று மனம் சமாதானமும் சொல்லும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரி உடைந்தது, அணை உடைந்தது என்று செல்போனில் வந்து குவிகிறதே, அத்தனையும் இந்த ஜாதிக் கதைதான். புலி வருது, புலி வருது என்று கத்தியவன் தன் ஆட்டை மட்டுமா இழந்தான்? உண்மையாகப் புலியைக் கண்டு கத்தப் போகிற அடுத்தவன் குரலையும் சேர்த்தல்லவா கொன்றான்? பயமுறுத்தி ஒரு நாள் ஓட வைக்கலாம். மறு வருஷம் யாரும் அசையமாட்டார்கள்.

ஆறுதல் சொல்லும் பொய் இதைவிட மோசம். 2015-இல் எல்லோர் வாயிலும் "நூறு வருஷத்தில் காணாத மழை" என்ற பேச்சு இருந்தது. கேட்டவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள்? வந்தது வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்துக்குத்தான் என்று. நூறு வருஷ வெள்ளம் என்று நிபுணர்கள் சொல்வதற்கு அது பொருளில்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். வீட்டுக் கடனை முப்பது வருஷம் கட்டுகிறோம். அந்த முப்பது வருஷத்துக்குள் அது ஒரு தடவையாவது வந்து கதவைத் தட்ட, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதுவும் பழைய காலத்துக் கணக்கு. காற்று ஒரு டிகிரி சூடேறினால் நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான ஈரத்தைச் சுமக்கும். 2024-ஆம் ஆண்டு, பழைய நிலைக்கு மேல் ஒன்றரை டிகிரியைத் தாண்டிய முதல் ஆண்டாக அநேகமாக இருக்கும் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்திருக்கிறது. நூற்றுக்கு ஏழு வட்டி என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? வானம் இப்போது வட்டியும் முதலுமாகக் கொடுக்கிறது.

இனி என் இரண்டாவது குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரியவர் மகன் வீட்டோடு போவதற்கு முன்னால், வெள்ளம் நின்ற கறையின் மேல் ஓர் ஆணியால் கோடு கிழித்து, '2-12-2015' என்று எழுதிவிட்டுப் போனார். முத்து முத்தான கணக்கர் கையெழுத்து. ஒரு மாதங்கழித்து வீட்டுக்காரர் சுவரைப் பூசி வெள்ளையடித்தார். பங்குனியில் கைக்குழந்தையோடு ஓர் இளந்தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் என்னிடம்தான் கேட்டாள்: "இங்கே தண்ணி வருமா அண்ணா?"

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். எனக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. "அந்த வருஷம் எங்கேதான் வரலை!" என்றேன்.

நான் சொன்ன வாக்கியத்தில் பொய்யில்லை. டெலிவிஷனில் ஓடிய செய்தியிலும் பொய்யில்லாமலிருந்தது. மெய்யைச் சொல்லியே ஒருவரை இருட்டில் விடலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சுவரருகே போய் விரலை வைத்து, "இதுவரை வந்ததம்மா" என்று காட்டியிருந்தால் அது கணக்கு; அதுவே கதை. ஒரு பெரியவரும் அவர் டிரங்குப் பெட்டியும் அந்த விரலின் பின்னால் தாமாக வந்து நின்றிருப்பார்கள். அவளுக்கு வேறு வீடு பார்க்க வசதியில்லாமல் போயிருக்கலாம். ஆனாலும் குழந்தையின் மருந்தையும் கல்யாணப் புடவையையும் எந்த உயரத்தில் வைப்பது என்பதாவது தெரிந்திருக்கும்.

ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். எழுதித் தருகிறேன், ஆனால் எண்ணில் கை வைக்கமாட்டேன் என்று. ஒவ்வொரு கதையும், கேட்கிறவர் மறுநாள் காலையில் செய்யக்கூடிய ஒரு காரியத்தோடு முடியும் என்று. கோடு போட்டால், தண்ணீர் வந்த இடம் இது என்றுதான் சொல்ல வேண்டும், இதற்கு மேல் வராது என்று கோட்டுக்கு அர்த்தமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜாபர்கான்பேட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நான் அந்த வீட்டை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. அந்தப் பெண் இன்னும் அங்கே இருக்கிறாளோ என்னவோ. யார் இருந்தாலும் சரி, எந்த உயரம் என்று எனக்கு நினைவிருக்கிறது. என் மார்பளவு.