பெட்டி கட்டுமுன் ஒரு தீர்மானம்



காலேஜுக்குப் பெட்டி கட்டியாச்சா? தீர்மானம் எடுத்தாச்சா? தானியேல் முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாபிலோனிலே 3 வருஷப் படிப்பு. கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் தானியேல் மறுக்கவில்லை, நன்றாய்க் கற்றான். ராஜாவின் போஜனத்தையும் திராட்சரசத்தையும் மட்டும் வேண்டாமென்றான். அதற்கும் சண்டை போடவில்லை. 10 நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி பணிவாய்க் கேட்டான்.

ஹாஸ்டலிலும் முதல் நாட்கள்தான் முக்கியம். "சும்மா ஒரு தடவைடா" என்று சிகரெட்டை நீட்டுவார்கள். அப்போது யோசிக்க ஆரம்பித்தால் தோற்றுப்போவீர்கள். வீட்டிலேயே முழங்காலில் நின்று முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெபத்தைச் சாக்குச் சொல்லிப் பாடத்தை விடாதீர்கள். ராஜா கேள்வி கேட்டபோது தானியேலும் தோழர்களும் மற்றவர்களைவிட 10 மடங்கு தேறி நின்றார்களே! நீங்களும் நிற்பீர்கள். ஆமென்!