வினை இல்லாத வினைப்பயன்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது எங்கள் வீட்டு வழக்கம். பலகையில் கட்டத்துக்குக் கட்டம் பாவமும் புண்ணியமும் உண்டு. ஆனால் அந்தப் பாவத்தை ஆடுகிறவர் யாரும் செய்வதில்லை. தாயக்கட்டை தள்ளிய இடத்தில் பாம்பு கடிக்கிறது, அவ்வளவுதான். பயன் இருக்கிறது, வினை இல்லை. இதை அறம் கற்பிக்கும் விளையாட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகள் சிலவற்றில் வினையும் உண்டு. நம் முடிவுக்கேற்பக் கதை கிளை பிரியும். பிளஸ் டூ வரலாற்று வகுப்பில் நான் திரையில் போட்டுக் காட்டுவது ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. லூகாஸ் போப் 2013இல் வெளியிட்டது. 1982, அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி. நாம் பாஸ்போர்ட் சரிபார்க்கும் அதிகாரி. (ஆடையில்லாப் படங்களை மறைக்கும் வசதி விளையாட்டிலேயே இருக்கிறது. வகுப்பில் காட்டுமுன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) சரியாகச் சோதித்த ஆளுக்கு விளையாட்டுப் பணத்தில் 5 வீதம் கூலி. அதில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்கு அடுப்பு எல்லாம்.

ஒருநாள் ஒரு கணவர் வருகிறார். எல்லா ஆவணமும் சரி. பின்னால் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவு காட்டுங்கள் என்கிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்கிறார் அந்த அம்மா.

வகுப்பில் எழுந்த முதல் கேள்வி: “டீச்சர், இன்னைக்கு இது எத்தனாவது தப்பு?”

கேள்வி கொடூரமாகத் தோன்றலாம், ஆனால் கூர்மையானது. அன்றைய முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டும்தான்; மூன்றாவதிலிருந்து அபராதம். அதாவது அந்தச் சாவடியில் இரக்கத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு என்று ஒதுக்கீடு. சர்வாதிகார ஆட்சியில் சாதாரண குமாஸ்தா எப்படி நடந்துகொண்டிருப்பார் என்று நான் ஒரு பாடவேளை முழுக்கப் பேசினாலும் இவ்வளவு தெளிவாகப் புரியவைக்க முடியாது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பழைய நாளுக்குத் திரும்பி வேறு கிளையில் போகலாம். மொத்தம் 20 முடிவுகள். பையன்கள் இருபதையும் தேடக் கிளம்பினால் அந்த அம்மா வெறும் ஸ்விட்ச் ஆகிவிடுகிறார். பலனில் கண் வைக்காதே என்கிறது கீதை. கிளைக்கதையோ பலனைக் காட்டித்தான் கற்பிக்கிறது. டோபி ஃபாக்ஸின் 2015ஆம் ஆண்டு ‘அண்டர்டேல்’ இதற்கு ஒரு வழி கண்டது: டோரியல் என்ற பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்பிக் காப்பாற்றினாலும், நீ செய்தது எனக்குத் தெரியும் என்று ஒரு பூ சொல்லிக்காட்டும். சாமர்த்தியம்தான். ஆனாலும் மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் ஒரு பலன்தானே?

அதனால் வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். முத்திரை குத்துமுன் காரணத்தை நோட்டில் எழுத வேண்டும். குத்தியதும் புரொஜக்டரை அணைத்துவிடுவேன். மற்ற கிளை அடுத்த வாரம். இயற்பியல் ஆசிரியர் இதை ஏற்கவில்லை. விளைவை மறைத்தால் பிள்ளைகள் நல்லெண்ணத்தோடு நாசம் செய்யக் கற்பார்கள் என்கிறார். நான் மறைக்கவில்லை, தள்ளிவைக்கிறேன். விளைவைப் பார்த்தபின் எழுதும் காரணம், வந்த விடைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதுதான்.

ஒரு மாணவி எழுதியிருந்தாள்: “உள்ளே விட்டேன். நிறுத்துவதற்குச் சட்டம் தவிர வேறு காரணம் எழுத வரவில்லை. அடுத்து வருபவர் இதையே பொய்யாகச் சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.” அடுத்த வகுப்பை அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்கினோம்.