உண்மை யாருடைய கடன்?

இலவச வைத்தியம் நம் நாட்டு மக்கள் பெற்ற பெரும் பேறுகளுள் ஒன்று. 1951ஆம் ஆண்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டது. அதன் பயனாக யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் வாயிலில் இன்றும் எவரிடத்தும் பணம் கேட்பாரில்லை. ஆயினும், கட்டணமற்ற வாயில் யாவர்க்கும் திறந்த வாயில் ஆகிவிடுமா?

இருதய நோயை எடுத்துக்கொள்வோம். மாரடைப்பு திடீரென வருவதுபோலத் தோன்றினும், அதன் வித்து பல்லாண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்படுகிறது. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகைத்தலும் குருதிக் குழாய்களின் உட்சுவரைச் சிறிது சிறிதாகக் கெடுக்கின்றன. இதனைக் காலத்தில் அறிய, வைத்தியருக்குக் கருவிகள் மட்டும் போதா. நோயாளியின் உண்மையான வாய்மொழியும் வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் மருந்தைத் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் ஒரு திருநங்கையை எண்ணிப் பாருங்கள். அம்மருந்து இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயத்தைக் கூட்டக்கூடியது. வைத்தியரின் கண்காணிப்பு அதற்கு இன்றியமையாதது. நெஞ்சு நோவுடன் வரும் அவர் அதனை மறைப்பாராயின், வைத்தியர் இருளில் தடவுகிறார். ஏன் மறைக்கிறார்? நிறைந்த கூடத்தில் அவருடைய ஆண்பெயர் உரக்க அழைக்கப்படுகிறது. நூறு கண்கள் திரும்புகின்றன. பால்நிலையை அங்கீகரிக்கும் சான்றிதழைப் பெறும் வழியைச் சுகாதார அமைச்சு 2016இல் வகுத்தது உண்மையே. ஆனால் சான்றிதழ் அந்தக் கண்களை மாற்றுவதில்லை.

ஒருபால் விருப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் இருதய நலத்தை ஆராய்ந்து அமெரிக்க இருதயச் சங்கம் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒதுக்குதலால் விளையும் ஓயாத மன அழுத்தத்தை இவர்தம் இருதய நோய்க்கு ஒரு காரணமாக அது காட்டியது. அஞ்சி வாழும் உடலில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, நித்திரை கெடுகிறது, புகையும் மதுவும் புகலிடமாகின்றன. ஆகவே இது பிறவிக் குறையன்று. சமூகம் ஏற்றிய சுமை.

'உண்மையைச் சொல்வது நோயாளியின் கடமையன்றோ?' என்று கேட்பாருளர். கடமைதான். ஆனால் இவ்வுண்மையைக் குற்றமென எழுதியது யார்? 1883ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும், அதனைச் சார்ந்த 365அ பிரிவும் ஆகும். 1995இல் 365அ பிரிவு பெண்களுக்கும் விரிக்கப்பட்டது. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. சொன்னால் தண்டனை, சொல்லாவிட்டால் நோய் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, அவரிடம் வாய்மையைக் கோருவது அறமாகாது. உண்மை பேசுதல் ஒருவர் கடனெனில், அதை அச்சமின்றிப் பேசத்தக்க இடத்தை ஆக்குதல் அதற்கு முந்திய கடன். அக்கடன் நம்முடையது.

இவ்வுண்மை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. தீண்டாமையைத் தண்டிக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. எனினும் கோயில்களும் தேநீர்க் கடைகளும் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து மக்கள் ஊர்வலமாகப் புறப்படவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்திற் போராடவேண்டியிருந்தது. அன்று கதவடைத்தோர் உச்சரித்த சொல் 'பண்பாடு'. இன்று இம்மனிதரைப் பற்றிப் பேசும்போது, முற்போக்காளர் எனப்படுவோர் சிலரும் அதே சொல்லின் பின் ஒளிகின்றனர். ஒருவனுக்குத் தீங்காகும் பண்பாடு இன்னொருவனுக்கு மட்டும் நீதியாவதெங்ஙனம்?

செய்யவேண்டியவை அரியனவல்ல. நோயாளர் தாம் விரும்பும் பெயரால் அழைக்கப்படட்டும். மருத்துவ மாணவருக்கும் தாதியருக்கும் இவர்களைப் பற்றிய அறிவு பாடமாகட்டும். பழைய சட்டம் நீங்கட்டும். ஆசிரியராகிய நமக்கும் ஒரு பணி உண்டு. நடையைக் கொண்டோ குரலைக் கொண்டோ ஒரு மாணவன் வகுப்பில் எள்ளி நகையாடப்படும்போது நாம் வாளாவிருத்தலாகாது. பதினான்கு வயதில் வாய்மூடப் பழகியவன், நாற்பது வயதில் நெஞ்சு நொந்தாலும் வைத்தியர் முன் வாய் திறவான்.