ஏமாளி என்ற பெயருக்கு அஞ்சி

(குரு என்றதும் ஆசிரமத்தையும் காவியையும் நினைக்க வேண்டாம். இவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சீடன் அவரிடம் படித்தவன். இப்போது அதே ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறான். நாள் முழுதும் பிறருடைய மனுக்களைத் தட்டச்சு செய்பவனுக்கு சலிப்பு வராமல் இருந்தால்தான் வியப்பு.)

சீடன்: ஐயா, இந்த அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் வரப்போவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

குரு: வேலை இருக்கிறதா?

சீடன்: வேலை இல்லை, தெம்பும் இல்லை. வடக்குத் தெரு வடிகாலுக்குப் போன ஆண்டும் தீர்மானம் போட்டோம், அதற்கு முந்திய ஆண்டும் போட்டோம். நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், டீ கொடுக்கிறார்கள். மழை பெய்தால் அதே சாக்கடைத் தண்ணீர் அதே வீடுகளுக்குள் வருகிறது. இங்கே எதுவும் நடக்காது என்று தெரிந்துவிட்டது.

குரு: நடக்கவில்லை என்பது தெரியும். நடக்காது என்பது எப்படித் தெரிந்தது?

சீடன்: அனுமானம்தான். புகையைக் கண்டால் நெருப்பு இருக்கிறது என்கிறோமே.

குரு: நெருப்பில்லாத இடத்தில் புகை இருக்கவே முடியாது என்பதால் அந்த அனுமானம் செல்லும். பக்கத்து ஊராட்சியில் வடிகால் கட்டினார்களா இல்லையா?

சீடன்: கட்டினார்கள். அங்கே ஒன்றிய அலுவலகத்துக்கு விடாமல் நடக்க இரண்டு பேர் இருந்தார்கள்.

குரு: பார்த்தாயா, ‘எதுவும் நடக்காது’ என்பது ‘இன்ன காரணத்தால் இங்கே நடக்கவில்லை’ என்று சுருங்கிவிட்டது. சுருங்கிய பிறகுதான் அதைக் கையில் எடுக்க முடியும். இன்னொன்றையும் யோசி. நாளை மழை வராது என்று நீ சொன்னால் மேகம் அதைக் கேட்டு நடக்காது. கிராம சபையால் பயனில்லை என்று சொல்லி நீ வீட்டில் இருந்தால் கூட்டத்தில் ஓர் ஆள் குறையும்; படித்தவனே வரவில்லை என்று இன்னும் சிலர் குறைவார்கள். வரவு செலவுக் கணக்கை வாசியுங்கள் என்று கேட்க ஆளிருக்காது. பிறகு ‘அப்போதே சொன்னேன்’ என்பாய். நீ சொன்னது பலித்ததா, நீயே பலிக்க வைத்தாயா?

சீடன்: அதற்காக, நடக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள வேண்டுமா?

குரு: நடக்கும் என்று நான் சொல்லவே இல்லையே. நடந்தே தீரும் என்று அடித்துச் சொல்பவனும் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்பவனும் ஒரு திண்ணையில் உட்காரக்கூடியவர்கள். முடிவு தெரிந்துவிட்ட பிறகு எழுந்து போக வேண்டிய வேலை இருவருக்குமே இல்லை. உனக்குச் சின்ன வயதில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தது நினைவிருக்கிறதா?

சீடன்: சுண்டுவிரலில் மை வைப்பார்கள். அந்த மையைக் காட்டிக்கொண்டு தெருவெல்லாம் ஓடியிருக்கிறேன்.

குரு: நாடு முழுவதும் அந்த இயக்கம் தொடங்கியது 1995இல். 2000க்குள் ஒழித்துவிடுவோம் என்றார்கள், முடியவில்லை. 2002இல் ஒரே ஆண்டில் 1,600 குழந்தைகளுக்கு வந்தது. 2009இல் 741 பேர்; அந்த ஆண்டு உலகில் வேறெந்த நாட்டிலும் அவ்வளவு இல்லை. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நெரிசல், கழிவுநீர், ஓயாத வயிற்றுப்போக்கு. பத்துத் தடவை சொட்டு மருந்து குடித்த பிள்ளைக்கும் நோய் வந்தது. மருந்தில் மலடாக்கும் சூழ்ச்சி இருக்கிறது என்ற வதந்தியால் கதவைச் சாத்திய வீடுகளும் உண்டு. 2009இல் நீ அங்கே ஒரு சுகாதாரப் பணியாளராக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

சீடன்: இந்த நாடு உருப்படாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

குரு: நிறையப் பேர் சொன்னார்கள். அவர்கள் எடுத்துக்காட்டிய தகவல்களில் பெரும்பாலானவை உண்மை. அதே தகவல்களைக் கையில் வைத்திருந்த வேறு சிலர், மருந்து ஏன் அங்கே பலிக்கவில்லை என்று கேட்டார்கள். வேலூர் சி.எம்.சி.யின் ஜேக்கப் ஜான், சொட்டு மருந்து நம் பிள்ளைகளிடம் எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்று 1972லேயே எழுதியவர். ஒழிப்புத் திட்டத்தை அவரைப்போலக் கடிந்து பேசியவர்கள் குறைவு. ஆனால் அதைக் கைகழுவிவிட்டுப் போகவில்லை. 2010 ஜனவரியில் எஞ்சியிருந்த இரண்டு வகைக் கிருமிகளை மட்டும் குறிவைத்த புதிய சொட்டு மருந்து வந்தது. அந்த ஆண்டு 42 பேர். 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு நோய் கண்டது; அதுதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழ் கிடைத்தது.

சீடன்: ஜெயித்த கதையாகப் பார்த்துச் சொல்கிறீர்கள். மலேரியாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? நீங்களே வகுப்பில் சொன்னதுதான். 1958இல் ஒழிப்புத் திட்டம் என்றே பெயர் வைத்துத் தொடங்கினார்கள். 1965இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இறங்கியது. 1976இல் 64 லட்சம்! நம்பியவர்களுக்கு என்ன கிடைத்தது?

குரு: (சிரித்து) நன்றாகக் கேட்டாய். ஜெயிக்கும் என்பதற்காகப் போலியோவைச் சொல்லவில்லை. மலேரியா திரும்பி வந்ததற்குக் காரணங்கள் பல: டி.டி.டி.க்குக் கொசு பழகிவிட்டது. அந்த மருந்தும் போதிய அளவு வந்துசேரவில்லை. இவற்றோடு ‘முடிந்துவிட்டது’ என்ற நிம்மதியும் சேர்ந்தது, கண்காணிப்பு தளர்ந்தது. நம்பிக்கை வேலையை நிறுத்திவிட்டு நிம்மதியாக மாறிய இடத்தில் தோற்றோம். அதற்காக 64 லட்சத்தைக் கண்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் இன்று எத்தனை என்று எண்ணிப் பார்.

சீடன்: இருந்தாலும் ஐயா, எதையும் நம்பாதவனைத்தானே ஊர் விவரமானவன் என்கிறது?

குரு: அங்கேதான் இருக்கிறது முடிச்சு. நம்பித் தோற்றவனுக்கு நம் ஊரில் ஏமாளி என்று பெயர். பணம் போனால்கூட மனிதன் தாங்கிக்கொள்கிறான், அந்தப் பெயரைத் தாங்குவதில்லை. சீட்டுக் கம்பெனியில் பணத்தை விட்டவர்கள் எத்தனை பேர் அதை வெளியே சொல்லாமலே இருந்தார்கள்! நம்பாமல் தவறிப்போனவனுக்கோ பெயரே கிடையாது. போலியோ ஒழியாது என்று 2009இல் அடித்துச் சொன்னவர்களை யாராவது தேடிப் பிடித்துக் கேட்டோமா? நம்பாதவன் எதையும் பந்தயம் வைப்பதில்லை, அதனால் அவனுக்குத் தோல்வியே கிடையாது. அதைப் பார்த்துத்தான் அறிவு என்கிறோம். அதில் பாதி அச்சம் என்பது என் கருத்து. உன்னிடமும் அது இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து கேட்டு, ஊராட்சித் தலைவர் கேலியாக ஒரு வார்த்தை சொல்லி, நாலு பேர் சிரித்தால்?

சீடன்: (சற்றுப் பொறுத்து) சிரித்தார்கள். போன தடவை.

குரு: வடிகாலைவிட அதுதான் வலிக்கிறது, இல்லையா? வலிக்கட்டும். ஆனால் அந்த வலிக்கு ‘உலகத்தை அறிந்துவிட்டேன்’ என்று பெயர் வைக்காதே.

சீடன்: என்னை விடுங்கள். மேலத்தெருவில் ஒரு பாட்டி முதியோர் பணத்துக்காக நடையாய் நடந்து ஓய்ந்துவிட்டார். எவனையும் நம்ப மாட்டேன் என்கிறார். அவரிடம் போய் நம்பிக்கையோடு இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்வீர்களா?

குரு: சொல்ல மாட்டேன். சொன்னால் அதைவிட அசிங்கம் வேறில்லை. அவருக்கு அந்தக் கசப்பு சம்பாதித்த சொத்து. அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. நான் பேசுவது உன்னிடம். உனக்குக் கால் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது, தாலுகா ஆபீஸில் எந்த மேஜையில் யார் என்று தெரியும். பாட்டிக்கு நேர்ந்ததைக் காட்டி நீ விரக்தியடைவது, அடுத்தவருடைய காயத்துக்கு நீ மருத்துவ விடுப்பு எடுப்பதுபோல் இருக்கிறது. அந்த மனு இப்போது எங்கே நிற்கிறது?

சீடன்: தெரியவில்லை. வைகாசியில் நான்தான் பதிந்து கொடுத்தேன்.

குரு: எண் இருக்குமே. பார்த்தாயா?

சீடன்: பார்த்தால் நிலுவை என்றுதான் காட்டும் ஐயா.

குரு: பார்க்காமலே தெரிகிறதா?

சீடன்: ...

குரு: யாரிடம் நிலுவை என்றும் காட்டும். வி.ஏ.ஓ.விடமா, வருவாய் ஆய்வாளரிடமா, தனி தாசில்தாரிடமா? பார்த்துச் சொல். நாளைக்கு எந்த பஸ் ஏறுவது என்று முடிவு செய்யலாம்.