கேப்டன் ஹெயின்ஸும் வினைப்பயனும்

கேப்டன் ஹெயின்ஸ் பம்பாய்ச் சிறையில் கிடந்த கதையைச் சொன்னதும், எங்கள் லேபர் கேம்ப் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "செஞ்ச பாவம் சும்மா விடுமா அண்ணாச்சி?" என்னால் அதை ஏற்க முடியவில்லை. நான் டாக்கில் உழைத்து ஓய்ந்தவன், பௌத்தம் தழுவியவன். அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று அறிவேன்.

ஸ்டாஃபோர்ட் ஹெயின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி. 'பாலினூரஸ்' கப்பலில் தென் அரேபியக் கரையை அளந்தவர். பம்பாய்க்கும் சூயஸுக்கும் ஓடும் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. 1837ல் மதராஸ் கப்பல் 'தரியா தௌலத்' அந்த அரேபியக் கரையின் ஏடன் துறைமுகம் அருகே தரைதட்டிக் கொள்ளை போனது. அதையே சாக்காக வைத்து, 1839 ஜனவரி 19 அன்று பீரங்கியால் அடித்து ஏடனைப் பிடித்தார்கள். பதினைந்து வருடம் அங்கே ஹெயின்ஸ் ஆட்சிதான்.

1854ல் ஏடன் கஜானாவில் ஏறக்குறைய 28,000 பவுன் துண்டு விழுந்தது. பம்பாயில் அவர் மேல் இரண்டு வழக்குகள். இரண்டிலும் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. ஆனாலும் அந்தப் பணம் அவர் பேரில் நிற்கும் கடன் என்று சொல்லி, ஆறு வருடம் கடனாளிச் சிறையில் வைத்தார்கள். 1860ல் புதிய கவர்னர் ஜார்ஜ் கிளார்க் விடுவித்தார். சில நாளில் பம்பாய்த் துறைமுகத்திலேயே, கப்பலில், உயிர் போனது.

இது வினைப்பயன் என்றால், திருநெல்வேலிச் சீமையில் என் தாத்தா ஊருக்கு வெளியே சேரியில் பிறந்ததும் வினைப்பயன்தான். முற்பிறவி வினை என்ற கொள்கையைப் புத்தர் தலையில் கட்டக்கூடாது என்று அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் வாதாடியது இதனால்தான்.

"முற்பிறவி எதுக்கு? இந்தப் பிறவியிலேயே செஞ்சதுதானே?" என்றார் டீக்கடையில் கேட்டவர். சரி, அப்படியே வைப்போம். பீரங்கிக்குப் பலியான ஏடன்காரன் வீட்டுக்கு, ஹெயின்ஸ் சிறையில் கிடந்ததால் ஒரு படி தானியமாவது போய்ச் சேர்ந்ததா? அவரை அடைத்தது, ஏடனைப் பிடிக்க அனுப்பிய அதே பம்பாய் அரசாங்கம். அடைத்ததும் ஏடன் ஜனங்களுக்காக இல்லை, காசுக்காக. கடனுக்காக ஒரு மனிதனின் உடம்பைப் பூட்டிவைப்பது கொடுமை. வட்டிக்காரனுக்குப் பயந்து வாழ்ந்த நாங்கள் அதற்குக் கைதட்டக் கூடாது.

பாவம் தானாகவே தண்டித்துவிடும் என்று நம்பியவன் விசாரணை கேட்க மாட்டான். ஏடனைப் பிடித்ததற்காக எவரும் விசாரிக்கப்படவில்லை. 1967 நவம்பர் 30 வரை அது பிரிட்டிஷார் கையில்தான் இருந்தது.